மருந்துக் காளான் பாக்டீரியாவைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஜெக்ட் காலம் தொடங்கிவிட்டால் போதும், நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்குக் கனோடெர்மா காளானைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு நாலைந்து மாணவர்களாவது வருவார்கள். காளான் வளர்ப்பவர்களும் போன் செய்து கேட்பதுண்டு. சந்தேகங்கள் வருடா வருடம் ஒரே மாதிரி இருப்பதால், அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் கனோடெர்மாவை வைத்துத்தான். ரெய்ஷி, லிங்ஷி என்று கடைகளில் விற்பது இதைத்தான். சிப்பிக் காளானோ பால் காளானோ வைத்திருப்பவர்களுக்கும் செய்முறை இதேதான்.

காளான் ஒரு பூஞ்சைதானே, அது எப்படி பாக்டீரியாவைத் தடுக்கும்?

மக்கும் மரத்தில் காளானும் பாக்டீரியாவும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன. எதிராளியை விலக்கி வைக்கச் சில காளான்கள் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. 1928-இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின் பூசணத்திலிருந்து வந்தது. அதைக் காளான் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் காளானிலிருந்தே வந்த ஒன்று இருக்கிறது. 1951-இல் கிளைட்டோபைலஸ் என்ற சிறு காளானிலிருந்து புளூரோமியூட்டிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியா புரதம் செய்யும் இடமான ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வேலையை அது நிறுத்திவிடும்.

அதை மாற்றியமைத்துச் செய்த டியாமுலின் பன்றிக்கும் கோழிக்கும் மருந்தானது. மனிதர் தோலில் தடவும் ரெட்டாபாமுலின் 2007-இலும், நிமோனியாவுக்கான லெஃபாமுலின் 2019-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 1951-க்கும் 2019-க்கும் நடுவே 68 வருடம். ஒரு பெட்ரி தட்டில் தெரியும் பாக்டீரியா வளராத வளையத்துக்கும் நோயாளி கையில் இருக்கும் மாத்திரைக்கும் இடையே எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதற்கு இதைத்தான் மாணவர்களிடம் சொல்வேன்.

அப்படின்னா மருந்துக் காளான் எல்லாமே கிருமியைத் தடுக்கும்னு வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. கனோடெர்மாவை வாயில் போட்டால் கசக்கிறதே, அது டிரைடெர்பீன் வகைப் பொருள்களால். அவை பாக்டீரியாவைத் தடுக்கக்கூடும். அதே காளானில் பீட்டா குளுக்கன், டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, புரதம் எல்லாம் இருக்கின்றன. இவை பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தடுக்கும் பொருளும் வளர்க்கும் பொருளும் ஒரே உடம்பில் இருப்பதால், இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

பாக்டீரியா இல்லாமல் சரியாகப் பிழைக்காத காளானும் உண்டு. மொட்டுக் காளான் படுக்கையின் மேல் போடும் மண்ணில் சூடோமோனாஸ் புடிடா போன்ற பாக்டீரியாக்கள் இருந்தால்தான் மொட்டு நன்றாக வைக்கிறது. எல்லாக் காளானும் பாக்டீரியாவுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் முடிவைத் தப்பாகப் படிப்போம்.

சாறு தண்ணில எடுக்கணுமா, எத்தனாலிலயா?

இரண்டிலும் எடுங்கள், தனித்தனியாக. உலர்ந்த காளான் பொடி 10 கிராமுக்கு 200 மில்லி தண்ணீர் விட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பீட்டா குளுக்கன் போன்ற பாலிசாக்கரைடுகளும் சர்க்கரைகளும் இறங்கும். 70 முதல் 95 சதவீத எத்தனாலில் ஒன்றிரண்டு நாள் குலுக்கினால் டிரைடெர்பீன்கள் இறங்கும். முதல் சாறு பெரும்பாலும் வளர்ப்பதற்கான பொருள்களையும், இரண்டாவது சாறு பெரும்பாலும் தடுப்பதற்கான பொருள்களையும் கொண்டுவருகிறது. ஒரே சாற்றை மட்டும் எடுத்துவிட்டு "இந்தக் காளான் இப்படி" என்று எழுதினால், காளானின் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

எத்தனால் சாற்றை முழுக்க உலர்த்தி எடை போட்டு, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரையுங்கள். கடைசிக் கலவையில் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. எடை போடாமல் "100 மைக்ரோலிட்டர் சாறு விட்டேன்" என்று எழுதினால், அதே வேலையை இன்னொருவர் திரும்பச் செய்ய வழியே இல்லை.

மூணு மணி நேரம் கொதிச்ச சாறுதானே, அப்புறமும் ஃபில்டர் பண்ணணுமா?

பண்ணணும். காளான் படுக்கையிலும் பொடியிலும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் விதைகள், அதாவது ஸ்போர்கள், சாதாரணமாக இருக்கும். அவை கொதிநீரைத் தாங்கும். அப்புறம் நீங்கள் எண்ணுவது உங்கள் பாக்டீரியாவையா, காளானோடு வந்த பாக்டீரியாவையா என்றே தெரியாது. 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். வெந்நீர்ச் சாறு கொழகொழப்பாக இருந்து ஃபில்டரை அடைத்துக்கொண்டால், முதலில் வேகமாகச் சுழற்றித் தெளிய வையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), அதை முடிவில் வெளிப்படையாக எழுதுங்கள்.

எப்படிச் செய்தாலும் சரி, பாக்டீரியா போடாமல் சாறும் ஊடகமும் (பாக்டீரியா வளரச் சாப்பாடு தரும் திரவம்) மட்டும் உள்ள ஒரு குழாயை இன்குபேட்டரில் சேர்த்தே வையுங்கள். மறுநாள் அது கலங்கியிருந்தால் அன்றைய முடிவு மொத்தமும் குப்பைக்குத்தான்.

முதல்ல எந்த டெஸ்ட் பண்றது? எல்லாரும் வெல் டிஃப்யூஷன்தான் பண்றாங்க.

ஆரம்பிக்க அது நல்லதுதான். பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லியான முல்லர் ஹின்டன் அகாரை 4 மி.மீ. கனத்துக்கு ஊற்றி, 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்குச் சரிசெய்த பாக்டீரியாவை (ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 15 கோடி செல்) 15 நிமிடத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தட்டு முழுக்கத் தேய்க்க வேண்டும். 6 மி.மீ. குழி போட்டுச் சாற்றை விட்டு, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைக்க வேண்டும். சாறு தடுத்தால் குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் (ஜோன்) தெரியும். அந்தக் குழி 110 மைக்ரோலிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பினால் வழிந்து அகாருக்கு அடியில் ஓடும்; 80 மைக்ரோலிட்டரோடு நிறுத்துங்கள்.

ஒரே தட்டில் இன்னும் இரண்டு குழி கட்டாயம் வேண்டும். ஒன்றில் கரைப்பான் மட்டும், இன்னொன்றில் தெரிந்த ஆன்டிபயாடிக். இவை இல்லாத தட்டின் போட்டோவைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

ஜோனே வரல மேடம். காளான்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதிடவா?

எழுதாதீர்கள். அதிகமாகக் காதில் விழும் கேள்வி இதுதான். வளையம் வரவேண்டுமானால் பொருள் அகாருக்குள் ஊடுருவி நகர வேண்டும். பாலிசாக்கரைடு பெரிய மூலக்கூறு, குழியை விட்டு அதிக தூரம் போகாது. டிரைடெர்பீன் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதுவும் குழியிலேயே தங்கிவிடும். வளையம் இல்லை என்றால் பொருள் வேலை செய்யவில்லை என்றும் இருக்கலாம், நகரவில்லை என்றும் இருக்கலாம். எது என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது.

அதைவிட முக்கியமான ஒன்று: இந்தத் தட்டுக்கு வளர்ச்சியைத் தூண்டுவதைப் பார்க்கக் கண் கிடையாது. முல்லர் ஹின்டன் அகாரிலேயே பாக்டீரியாவுக்கு வேண்டிய சாப்பாடு எல்லாம் இருக்கிறது. தட்டு முழுக்க ஏற்கெனவே புல் போல வளர்ந்துவிடும். அதற்கு மேல் சாறு எவ்வளவு தூண்டினாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி வளையமே வராத பன்னிரண்டு தட்டுகளோடு அழாத குறையாக வந்தாள். "எதுவும் இல்லை என்பதும் ஒரு முடிவுதான்" என்று நானே ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அவள் விடாமல் அதே வெந்நீர்ச் சாற்றைக் குழாயில் போட்டு எண்ணிப் பார்த்தாள். தயிரில் இருக்கும் வகையான லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா, சாறு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. நான் சொன்னது தப்பு. இந்தப் பக்கத்தை எழுதத் தோன்றியதற்கு அவளும் ஒரு காரணம்.

12 மி.மீ. ஜோன் வந்திருக்கு. நல்ல ரிசல்ட்டா?

அதில் 6 மி.மீ. குழியே இருக்கிறது, முதலில் அதை நினைவில் வையுங்கள். அடுத்து, கரைப்பான் மட்டும் விட்ட குழியைப் பாருங்கள். அங்கும் 10 மி.மீ. வந்திருந்தால் உங்கள் காளானின் பங்கு ரொம்பக் குறைவு. அப்புறம் சாற்றின் பி.எச். அளவை எடுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சையிழையை வளர்த்து வடித்த திரவம் பல சமயம் புளித்திருக்கும், அந்தப் புளிப்பே பாக்டீரியாவை நிறுத்திவிடும். 7-க்குச் சரிசெய்து மறுபடி போட்டுப் பாருங்கள். வளையம் காணாமல் போனால் வேலை செய்தது அமிலம்.

"சிப்ரோஃப்ளாக்சசினில் பாதி வந்திருக்கிறது" என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த ஆன்டிபயாடிக்கின் வழக்கமான சோதனை வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள சாற்றை 80 மைக்ரோலிட்டர் விட்டால் குழியில் 4,000 மைக்ரோகிராம். 800 மடங்கு அதிகம் போட்டுவிட்டுப் பாதி வளையம் என்பது ஒப்பீடே ஆகாது. ஆன்டிபயாடிக் குழி இருப்பது தட்டும் பாக்டீரியாவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க.

எம்.ஐ.சி. போட்டேன். சாறே பழுப்பா இருக்கு, கலங்கியிருக்கான்னே தெரியல.

எம்.ஐ.சி. என்பது வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாத மிகக் குறைந்த செறிவு. 96 குழித் தட்டில் சாற்றின் செறிவை மில்லிக்கு 10, 5, 2.5 மில்லிகிராம் என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் மில்லிக்கு 5 லட்சம் செல் விடுவோம். பழுப்புச் சாற்றில் கலங்கல் தெரியாது என்பதால் ரெசசூரின் சாயம் சேர்க்கலாம். உயிருள்ள செல் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் காளான் சாறு சில சமயம் தானே அந்த நிறத்தை மாற்றிவிடும். பாக்டீரியா இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் உள்ள குழிகளையும் வையுங்கள்.

தெளிவாக இருக்கும் குழிகளிலிருந்து எடுத்துப் புது அகாரில் தேயுங்கள். அங்கே வளர்ந்தால் சாறு தடுத்து மட்டும் வைத்திருந்தது. 99.9 சதவீதம் குறைந்திருந்தால்தான் கொன்றது என்று சொல்லலாம். சுத்திகரிக்காத சாறு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குள் தடுத்தால் மேலே தொடர்வதில் அர்த்தம் இருக்கிறது. 1 மில்லிகிராமைத் தாண்டித்தான் தடுக்கிறது என்றால் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

சரி, வளர்ச்சியைத் தூண்டுதான்னு எப்படித்தான் பார்க்கறது?

பாக்டீரியாவைப் பட்டினி போட வேண்டும். சத்து நிறைந்த ஊடகத்தில் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். விருந்து சாப்பிட்டவனுக்கு இன்னொரு இட்லி வைத்து வித்தியாசம் தேடுவது போலத்தான் அது. லாக்டோபேசில்லஸ் என்றால் குளுக்கோஸ் சேர்க்காத எம்.ஆர்.எஸ். ஊடகம், ஈ.கோலை என்றால் கார்பன் மூலம் இல்லாத எம்9 ஊடகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வகைக் குழாய்கள் வேண்டும். ஊடகம் மட்டும், ஊடகத்தோடு 1 சதவீத குளுக்கோஸ், 1 சதவீத இனுலின் (ஒரு தாவர நார்ச்சத்து), 1 சதவீத காளான் சாறு, கடைசியாக, பாக்டீரியா போடாத சாற்றுக் குழாய். முதல் நான்கிலும் ஒரே அளவு பாக்டீரியா. முதல் குழாயை விட்டுவிடாதீர்கள், குளுக்கோஸ் இல்லாத எம்.ஆர்.எஸ்.ஸிலும் ஈஸ்ட் சாறும் பெப்டோனும் இருப்பதால் கொஞ்சம் வளரத்தான் செய்யும். போடும் முன் பாக்டீரியாவை இரண்டு தடவை உப்பு நீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் பழைய ஊடகத்தின் சர்க்கரை கூடவே வந்துவிடும். 0, 6, 12, 24 மணி நேரத்தில் பி.எச்., காலனி எண்ணிக்கை இரண்டையும் எடுங்கள். எண்ணும் தட்டில் 30 முதல் 300 காலனி இருக்க வேண்டும். ஒரு லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி தேய்த்து 120 காலனி வந்தால், மில்லிக்கு 12 கோடி.

24 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டு முடிவு எழுதுகிறவர்கள் உண்டு. தூண்டுதல் மூன்று விதமாக வரலாம். வளரத் தொடங்கும் முன் எடுக்கும் தயக்க நேரம் குறையலாம், இரட்டிக்கும் வேகம் கூடலாம், கடைசியில் சேரும் எண்ணிக்கை உயரலாம். மறுநாள் காலையில் மட்டும் பார்த்தால் மூன்றாவது ஒன்றுதான் தெரியும், முதல் இரண்டும் இரவிலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஓ.டி. மீட்டர்ல ஏறுது, பிளேட்ல காலனி கம்மியா இருக்கு. எதை நம்புறது?

காலனியை. ஓ.டி. மீட்டர் வெளிச்சம் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. செத்த செல், காளான் துகள், பி.எச். இறங்கியதால் படிந்த புரதம் எல்லாமே அதற்கு ஒன்றுதான். பாக்டீரியா இல்லாத சாற்றுக் குழாயின் அளவை ஒவ்வொரு நேரத்திலும் கழித்துப் பாருங்கள், பல சமயம் முரண்பாடு அதிலேயே தீர்ந்துவிடும். காலனிக்கும் ஒரு குறை உண்டு: லாக்டோபேசில்லஸ் சங்கிலியாக நிற்கும், ஒரு சங்கிலி ஒரே காலனியாகத்தான் வரும். எண்ணும் முன் நன்றாகக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள்.

லாக்டோபேசில்லஸ் ரெண்டு மடங்கு ஆகியிருக்கு. ப்ரீபயாடிக்னு போடலாமா?

இரண்டு மடங்கு என்பது மடக்கைக் கணக்கில் 0.3தான். நீர்ப்பதிலும் எண்ணுவதிலும் வரும் சின்னப் பிழைகளே அந்த அளவுக்கு ஆட்டம் காட்டும். பத்து மடங்கு ஏறி, மறுபடி செய்தாலும் ஏறினால் பேசலாம்.

அப்போதும் இரண்டு தடை இருக்கிறது. ப்ரீபயாடிக் என்ற சொல்லை 1995-இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் முன்வைத்தபோதே, குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைத் தேர்ந்து வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொன்னார்கள். உங்கள் சாறு ஈ.கோலையையும் அதே அளவு வளர்த்தால் அது வெறும் தீனி. அடுத்தது டிரெஹலோஸ். குழாயில் பாக்டீரியா அதைத் தின்று கொழுக்கும். மனிதர் சாப்பிட்டாலோ சிறுகுடலிலேயே டிரெஹலேஸ் நொதி அதை உடைத்துவிடும், பெருங்குடல் வரை போகாது. அதனால் வெந்நீர்ச் சாற்றில் மூன்று நான்கு பங்கு எத்தனால் ஊற்றி ஒரு இரவு குளிரில் வைத்து, கீழே படியும் பாலிசாக்கரைடை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். சிறு சர்க்கரைகள் பெரும்பாலும் மேல் திரவத்தோடு போய்விடும்.

கம்மி அளவுல வளருது, அதிக அளவுல தடுக்குது. நான் எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா?

தப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முன்னால் சொன்ன இரண்டு வகைப் பொருளும் ஒரே சாற்றில் இருந்தால் இப்படி வரும். நீர்த்த சாற்றில் தடுக்கும் பொருள் வேலை செய்யும் அளவுக்குக் கீழே போய்விடும், சாப்பாடு மட்டும் மிஞ்சும். ஒரே நச்சுப் பொருள்கூட மிகக் குறைந்த அளவில் வளர்ச்சியைத் தூண்டுவது உண்டு. அதிக அளவில் தடுத்தது வெறும் அமிலமோ உப்போ இல்லை என்று பி.எச். பார்த்து உறுதி செய்துவிட்டு, முழு வளைகோட்டையும் அப்படியே காட்டுங்கள். நடுவில் ஒரு செறிவை மட்டும் எடுத்து "தடுக்கிறது" என்று எழுதுவது அந்தக் காளானுக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்டஃபைலோகாக்கஸை நிறுத்துது, ஈ.கோலையை ஒண்ணும் பண்ணல. ஏன்?

ஈ.கோலை கிராம் நெகட்டிவ். அதற்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, டிரைடெர்பீன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள பெரிய மூலக்கூறுகளை அது எளிதில் உள்ளே விடாது. ஸ்டஃபைலோகாக்கஸுக்கு அந்தச் சவ்வு கிடையாது.

எத்தனை தடவை செய்யணும்? மூணு பிளேட் போதுமா?

ஒரே நாள், ஒரே வளர்ப்பிலிருந்து போட்ட மூன்று தட்டு ஒரு சோதனைதான். வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவோடு மூன்று தடவை. முடிந்தால் சாற்றையும் புதிதாக எடுங்கள்.

கடையில வாங்கின ரெய்ஷி பொடியில பண்ணலாமா?

முடிந்தவரை முழுக் காளானை வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். தானியத்தில் பூஞ்சையிழையை வளர்த்துத் தானியத்தோடு சேர்த்தே அரைத்த பொடியும் விற்பனையில் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம், மாவுச்சத்தை உடைத்துத் தின்னும் பாக்டீரியாவுக்கு அதுவே தீனி. தூண்டுதலைச் செய்தது காளானா தானியமா என்று பிரிக்க முடியாது. ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள், கருநீலமானால் ஒதுக்கிவிடுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். கனோடெர்மா லூசிடம் என்ற பெயர் ஐரோப்பியக் காளானுக்கு வைத்தது. சீனாவில் மருந்தாக வளர்ப்பது வேறு இனம் என்று பிரித்து, 2012-இல் கனோடெர்மா லிங்ஷி என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் மரத்தடியில் பறித்தது மூன்றாவதாக வேறொன்றாகவும் இருக்கலாம். பூஞ்சை இனத்தை அடையாளம் காண உதவும் ஐ.டி.எஸ். பகுதி டி.என்.ஏ. வரிசையைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதுங்கள். முடியாவிட்டால் "கனோடெர்மா இனம்" என்று நிறுத்திக்கொள்வது நேர்மை.

பையன் ஸ்கூல் கண்காட்சிக்கு வீட்டிலேயே செய்யலாமா?

நோய்க்கிருமியை வீட்டில் வளர்க்கவே கூடாது. கைரேகையோ, குழாயடி அழுக்கோ, எச்சிலோ தட்டில் வைத்து வளர்ப்பதும் அதே அபாயம்தான், என்ன வளர்கிறது என்று யாருக்கும் தெரியாது. பையனுக்கு ஆசை இருந்தால் ஈஸ்ட் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட், ஒரு பாட்டிலில் காளான் வேகவைத்த தண்ணீர் சேர்த்து, ஒன்றில் சேர்க்காமல், வாயில் பலூன் மாட்டி எது சீக்கிரம் உப்புகிறது என்று அளக்கலாம். ஈஸ்ட் பாக்டீரியா இல்லைதான், ஆனால் கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை அந்த இரண்டு பாட்டிலும் அழகாகச் சொல்லிக் கொடுத்துவிடும்.

கல்லூரி மாணவர்கள் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகம் போன்ற இடத்திலிருந்து, எண் தெரிந்த பாக்டீரியாவை வாங்குங்கள். முடிந்ததும் தட்டு எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.

எங்க பண்ணைக் காளான் கிருமியைத் தடுக்கும்னு ஆய்வு முடிவு வந்திருச்சு. லேபிள்ல போட்டுக்கலாமா?

வேண்டாம். குழாயில் மில்லிக்கு 5 மில்லிகிராம் சாறு தடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அதே செறிவு வர வேண்டுமானால் 25 கிராம் சாறு, ஒன்றும் சிதையாமல், ஒரே நேரத்தில் இரத்தத்துக்குள் போயாக வேண்டும். அது நடக்காத காரியம். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிகளும் இடம் தருவதில்லை. உங்கள் லேபிளை நம்பி யாராவது ஒருவர் டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தினால்கூடப் பெரிய தீங்கு.

காளானின் சரியான இனப் பெயர், எதில் வளர்த்தது, எப்போது அறுத்து உலர்த்தியது, இவற்றைப் போடுங்கள். ஆய்வுக்குக் காளான் தேடி அலையும் மாணவர்களுக்குக் கடையில் கிடைக்காத விவரம் அதுதான். அவர்கள் உங்களிடமே திரும்ப வருவார்கள்.